பதினேழு புள்ளி

இந்த ஊரில் புள்ளி என்றால் ஒரு குடும்பம்.
என் தொழிலில்
நாலு புள்ளி ஆறு மூன்று.
வோல்ட் அதற்குக் கீழே இறங்கினால்
திரையின் மூலையில் மஞ்சளாக ஒரு மின்னல் வெட்டும்.

பள்ளத்தூரில் அந்த வீடு
முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் மறு தெரு.
பதினேழு புள்ளிக்குச் சொந்தம்.
குடியிருப்பது யாருமில்லை.
வளவில் ஒரு கேமரா,
முகப்பு அலமாரிக்குள் சீட்டுக்கட்டுப் பருமனில் ஒரு கணினி.
மாட்டியது நான்தான், போன தையில்.
தையில் எதுவும் சுடாது.

சித்திரையில் கோலாலம்பூரிலிருந்து போன்.
"ராத்திரி ஒம்பதுக்குப் படம் நின்னுபோகுது.
இருபத்தஞ்சு நிமிஷம்.
அந்த நேரத்துல யாரோ எதையோ நகத்துறாங்க."
யாரோ என்றால்
மற்ற பதினாறு.

புதுவயலிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.
அலமாரியைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது சூடு.
பிளாஸ்டிக் பெட்டியின் முதுகில்
அந்த வெதுவெதுப்பை நம்பி
பல்லி இரண்டு முட்டை இட்டிருந்தது.

பதிவைப் பார்த்தேன். எண்பத்து நாலு டிகிரி.
எண்பதைத் தாண்டினால் அது தானாகவே
வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.
பங்காளிகள் அப்படியில்லை.
பார்க்கிற ஒவ்வொரு கண்ணுக்கும்
அது தனியாக உழைக்க வேண்டும்.
தூணை விற்கப்போவதாகப் பேச்சு வந்த நாளில்
பதினெட்டு ஜன்னல் திறந்திருந்தது.
பதினெட்டாவது யார் என்று நான் கேட்கவில்லை.

வெயிலையும் மழையையும் நடுவில் இறக்கிவிட்டு
சூட்டை மேலே அனுப்பும் கணக்கு
இந்த வீட்டைக் கட்டிய கொத்தனாருக்குத் தெரிந்திருக்கிறது.
நான் ஐந்து வாட்டைக் கொண்டுபோய்
தேக்குக் கதவு போட்டுச் சாத்தியிருக்கிறேன்.

பிளாஸ்டிக்கைக் கழற்றினேன்.
துடுப்பு வைத்த அலுமினியக் கூடு மாற்றி
சாரல் எட்டாத தூணின்
கல் பாதத்தில் முதுகு படிய உட்கார வைத்தேன்.
கல் வாங்கிக்கொண்டது.
நாற்பது நிமிடத்தில் ஐம்பத்தேழு.
விசிறி வேண்டாம், விசிறிக்கு மின்சாரமும் வேண்டாம்.
முட்டைகள் அலமாரியிலேயே இருக்கட்டும் என்று விட்டேன்.
இனி அங்கே சூடு இல்லை என்பது
பிறகுதான் உறைத்தது.

ஆனால் மின்னல்?
ஒன்பது வரை காத்திருந்தேன்.
காவலுக்கு இருக்கும் அடைக்கலம் வந்தார்.
கதவைச் சாத்தினார். என்னைக் கவனிக்கவில்லை.
அடாப்டரின் இரண்டாவது ஓட்டையில்
போனைச் சொருகிவிட்டுக் குந்தி உட்கார்ந்து
மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தார்.
பெரிய மாடு, எட்டு மைல்.
மூலையில் மஞ்சள் வெட்டியது.
கணினி மூர்ச்சையாகி
விழித்து
மறுபடி மூர்ச்சையானது.

அவர் படுக்கும் கொட்டகையில் பிளக் இல்லை.
இணைப்புக் கேட்டு நாலு வருஷம்.
பதினேழு கையெழுத்து வேண்டும்.
இதுவரை பதினொன்று.

அறிக்கையில் எழுதினேன்:
அடாப்டர் பழசு. வயர் மெலிசு, நீளம் அதிகம்,
வழியிலேயே வோல்ட் சிந்துகிறது.
மூன்று ஆம்பியரில் தனி அடாப்டர், குட்டை வயர் போட்டாயிற்று.
எல்லாம் நிஜம்.
முழுசு இல்லை.
பழையதை எடுக்காமல் சுவரிலேயே விட்டு வந்தேன்,
இரண்டு ஓட்டையும் காலியாக.

இப்போது ஒன்பது மணிக்கும் படம் ஓடுகிறது.
வளவு, தரைப் பூக்கல்,
தூணடியில் பச்சையாக ஒரு பொட்டு.
யாரும் எதையும் நகர்த்தவில்லை.
அதைத்தான் அவர்களால் நம்ப முடியவில்லை.

மாதம் எவ்வளவு கரண்ட் என்று கேட்டார்கள்.
மூன்று புள்ளி ஆறு யூனிட்.
பதினேழால் வகுத்துத் தரச் சொன்னார்கள்.
வகுத்தேன்.
புள்ளிக்குப் பின்னால்
எண்கள் போய்க்கொண்டே இருந்தன.
தலைக்கு ஒரு ரூபாயில் நிறுத்தி
பட்டியல் அனுப்பியிருக்கிறேன்.
இரண்டு பேர் ஆட்சேபித்திருக்கிறார்கள்.